வாரண்டி முடியும் முன் இன்ஜெக்டர் சோதனை: கிருஷ்ணகிரிப் பம்ப் ரூம் ஒன்றில் இரண்டு நாள்

2025 ஜனவரியில் எங்கள் பன்னிரண்டு சக்கர லாரியின் ஓடோமீட்டர் 2,87,000 கிலோமீட்டரைத் தொட்டது. 2022 மார்ச்சில் பதிவான பிஎஸ்-6 வண்டி அது. எரிபொருள் அமைப்புக்கான வாரண்டி, என்னிடமுள்ள புத்தகத்தின்படி, 3 ஆண்டு அல்லது 3 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. நாள் கணக்கில் இரண்டு மாதம் மீதமிருந்தாலும், கிலோமீட்டர் கணக்கில் 13,000 மட்டுமே இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, வேலூர் வழியாகச் சென்னைக்குப் போய்த் திரும்ப 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், மொத்தம் 25 நடைதான். அதற்குள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களின் உண்மையான நிலையைத் தெரிந்துகொள்ள விரும்பினேன். உதிரிபாகக் கவுண்டரில் விசாரித்தபோது, இந்த எஞ்சினுக்கான இன்ஜெக்டர் ஒன்று 28,000 ரூபாய்க்குக் குறையாது என்றார்கள். ஆறுக்கும் கணக்குப் போட்டால் அது இரண்டு மாதத் தவணையை விழுங்கிவிடும் தொகை.

வண்டி நின்றுபோகவில்லை, இழுவை குறைந்துவிட்டது என்று சொல்லும்படியும் இல்லை. லோடுடன் லிட்டருக்கு 3.9 கொடுத்துவந்த மைலேஜ் 3.6-க்கு இறங்கியிருந்தது. ஓசூர்ப் பக்கம் லோடு போகும்போது மேலுமலை ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்க வேண்டியிருக்கிறது என்று ஓட்டுநர் அண்ணன் சொல்லியிருந்தார். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பின் விளக்கு முன்பைவிட அடிக்கடி எரிந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும் என்பதால் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அண்ணன் டிப் ஸ்டிக்கைத் துடைத்து நீட்டி, "எண்ணெய் குறையறதத்தான் இத்தன வருசமாப் பாத்திருக்கேன் தம்பி, ஏறுறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. டீசல் எங்கிருந்தோ எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதை வைத்து மட்டும் இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. சில எஞ்சின்களில் டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகச் சிலிண்டருக்குள்ளேயே சற்றுத் தாமதமாகக் கொஞ்சம் டீசல் பீய்ச்சப்படும். அந்தச் சுத்திகரிப்பு அடிக்கடி நடந்தாலும் ஆயிலில் டீசல் கலக்கும்.

முதலில் போனது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குத்தான். அங்கே ஸ்கேனரை மாட்டி, ஃபால்ட் கோடு (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை, ஆகவே இன்ஜெக்டரில் குறையும் இல்லை என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். புகாரைப் பதியும் ஜாப் கார்டுகூடப் போடவில்லை. அப்போது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுது பார்க்கும் பம்ப் ரூம் ஒன்றுக்குப் போனபோதுதான் அந்த நியாயத்தின் ஓட்டை புரிந்தது. காமன் ரெயில் எஞ்சினில் பம்ப் தள்ளும் டீசல், ரெயில் என்ற பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் சேர்ந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. எந்தச் சிலிண்டர் சற்று மெதுவாகத் தள்ளுகிறது, எது வேகமாகத் தள்ளுகிறது என்பதை எஞ்சினின் கணினியான இசிஎம் கிராங்க் சென்சாரின் மூலம் ஒவ்வொரு சுற்றிலும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. மெதுவான சிலிண்டருக்கு ஒரு துளி கூடுதலாகவும் வேகமானதற்கு ஒரு துளி குறைவாகவும் கொடுத்து ஐடிலைச் சமன் செய்கிறது. இந்தத் திருத்த அளவு ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் கோடு விழும், விளக்கு எரியும். வரம்பைத் தொடாத வரையில் தேய்ந்த இன்ஜெக்டரின் குறையை இசிஎம்மே மறைத்துக்கொண்டு ஓடும். அப்படி மறைந்தே இருந்து, 3 லட்சத்தைத் தாண்டிப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கோடு விழுந்தால், அந்தச் செலவு முழுக்க என்னுடையது.

நான் போன பம்ப் ரூம், கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதே கருவிகள் உள்ள எந்தக் கடையிலும் இதே சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். முன்னால் இரண்டு லாரிகள் நிற்கும் அளவுக்குத் தகரக் கொட்டகை. பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட, குளிரூட்டிய அறை. அதற்குள் போக வேண்டுமானால் செருப்பை வெளியே விட வேண்டும். கோயிலா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இன்ஜெக்டருக்குள் ஒன்றோடொன்று உரசி ஓடும் பாகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான். தெருப்புழுதியோடு அந்த மேசைக்கு அருகில் போவது வேலையைக் கெடுப்பதாகும். சுவரோரத் தட்டுகளில் பழைய இன்லைன் பம்புகளும் ரோட்டரி பம்புகளும் வரிசையாக இருந்தன. கடையை நடத்தும் மேஸ்திரி அந்தக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி அந்த அறைக்குள் இருக்கும் சோதனை இயந்திரமான பெஞ்சில் போட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வாரண்டி இருக்குதுங்களாண்ணா?" என்பது. இருக்கிறது என்றதும், இன்ஜெக்டரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஹை பிரஷர் பைப் நட்டுல ஸ்பேனர் பட்ட தடம் இருந்தாப் போதுங்க. வெளிய பிரிச்சிருக்கீங்கன்னு எழுதி அனுப்பிருவாங்க. அப்புறம் நீங்களும் நானும் என்ன சொன்னாலும் எடுபடாது." ஒரு நடையை விட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கழற்றாமல் என்னவெல்லாம் பார்க்க முடியுமோ அதையெல்லாம் பார்த்துக் காகிதத்தில் எழுதித் தருகிறேன், அதை வைத்துக்கொண்டு அவர்களையே கழற்ற வையுங்கள் என்றார். இந்த ஆலோசனைக்காக மட்டுமே இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பேன். கழற்றியிருந்தால் அன்றைக்கே அவருக்கு ஆறு இன்ஜெக்டர்களுக்கான பெஞ்ச் கட்டணமும் கிடைத்திருக்கும்.

அடுத்து அவர் கேட்டது, ஸ்டார்ட் ஆகத் தாமதம் காலையிலா, டீக்கடையிலா என்று. ஜனவரிக் குளிரையும் பேட்டரியையும் காரணமாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரியவில்லை. பதில் சொன்னவர் ஓட்டுநர் அண்ணன்: ஆம்பூர்ப் பக்கம் டீ குடிக்க நிறுத்திவிட்டு அரைமணி கழித்துச் செல்ஃப் அடித்தால்தான் அதிக நேரம் எடுக்கிறது என்றார். எஞ்சின் சூடாக இருக்கும்போது டீசலும் சூடேறி இளகிவிடும். தேய்ந்த இன்ஜெக்டரின் இடுக்கு வழியாக அது இன்னும் எளிதாக ரிட்டர்னுக்கு, அதாவது டாங்க்குக்குத் திரும்பும் வழிக்கு, ஓடிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அது தள்ளும் கொஞ்ச டீசலும் ஒழுகிப்போனால் ரெயிலில் அழுத்தம் ஏறாது. பொதுவாக 200 பாரை ஒட்டிய அழுத்தம் ரெயிலில் சேர்ந்தால்தான் இசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். காலையில் மட்டும் தாமதம் என்றால், டாங்க்கிலிருந்து வரும் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகிறதா என்பதை முதலில் பார்த்திருப்பாராம். இருந்தாலும் அதையும் விடவில்லை. கண்ணாடிபோலத் தெரியும் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் மாட்டிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

வண்டியை இரவு அங்கேயே விட வேண்டும் என்றது எனக்குப் பிடிக்காத பகுதி. முழுதாக ஆறிய எஞ்சினில் ஒரு முறையும் நன்றாகச் சூடேறிய எஞ்சினில் ஒரு முறையும் அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு முதல் செல்ஃப்; ஸ்கேனரில் ரெயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்தோம், இரண்டரை நொடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிறகு அரைமணி ஓடவிட்டு, நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தபோது ஐந்து நொடிக்கு மேல் ஆனது. அழுத்தம் 120, 140 என்று தயங்கித் தயங்கி ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார் என்ற அளவு எனக்கும் முதலில் பிடிபடவில்லை; லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 8 பார், முழு லோடில் இந்த எஞ்சின்களின் ரெயில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும் என்று அவர் சொன்னபோதுதான் உறைத்தது. அந்த அழுத்தத்தில் ஓடும் எஞ்சினில் குழாய் மூட்டை விரலால் தடவி ஒழுகலைத் தேடக் கூடாது என்பதையும் அவர் தம் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஊசிபோல் தோலுக்குள் இறங்கும் டீசலுக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

அடுத்தது ரிட்டர்ன் அளவு. சின்ன வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் ரிட்டர்ன் குழாய் தனித்தனியே தெரியும். அவற்றைக் கழற்றி நான்கு அளவுக் குழாய்களை மாட்டினால் எது அதிகம் ஒழுகுகிறது என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரிந்துவிடும். தக்காளி லோடுக்காக நாங்கள் வைத்திருக்கும் நான்கு சிலிண்டர் வண்டிக்கு அதையும் அன்றைக்கே செய்துகொண்டேன். நான்கும் சமமாக இருந்தன. அரைமணி நேர வேலை, 800 ரூபாய். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரிய லாரியின் எஞ்சினில் ரிட்டர்ன் வழி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஆறு இன்ஜெக்டர்களின் ஒழுகலும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழாயில்தான் வெளியே வரும். அந்தக் குறைந்த அழுத்தக் குழாயின் கிளிப்பை மட்டும் கழற்றி, அளவு ஜாடியில் ஒரு நிமிடம் பிடித்து, தயாரிப்பாளர் கொடுத்துள்ள வரம்போடு ஒப்பிட்டார். ரிட்டர்னே வரக் கூடாது என்பதில்லை. இன்ஜெக்டரின் உள்வால்வு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் டீசல் ரிட்டர்னுக்குப் போகும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஐடிலில் எங்கள் அளவு வரம்பை ஒட்டி நின்றது; ஸ்கேனர் வழியாக ரெயில் அழுத்தத்தை உயர்த்திப் பிடித்தபோது வரம்பைத் தாண்டியது.

மொத்தம் தாண்டுகிறது என்பது தெரிந்தால் போதாது, யார் காரணம் என்பது தெரிய வேண்டும். ஒவ்வோர் இன்ஜெக்டரின் வழியையும் ரெயிலில் முறையாக மூடி மூடிப் பார்த்தால் அது தெரியும். ஆனால் அதற்கு ஹை பிரஷர் நட்டைத் திறக்க வேண்டும் என்பதால் அதை அவர் செய்யவில்லை. சிலிண்டர் திருத்த அளவுகளை வைத்துக் கணித்தார். நான்காவது சிலிண்டருக்கு இசிஎம் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது; இரண்டாவதற்குக் குறைத்துக்கொண்டிருந்தது. இங்கே அவசரக்காரர் தவறு செய்துவிடுவார். ஒரு சிலிண்டர் அதிக டீசல் கேட்பதற்கு அதன் கம்ப்ரஷன் குறைந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் புது இன்ஜெக்டர் போட்டும் பயனில்லை. அதற்காக, டீசல் பீய்ச்சாமல் செல்ஃப் மட்டும் அடிக்கவிட்டு ஆறு சிலிண்டர்களின் எதிர்ப்பையும் ஸ்கேனரிலேயே ஒப்பிட்டார். ஆறும் சமம். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி எஞ்சின் சத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கேட்டோம். நான்காவதை நிறுத்தியபோது பெரிய மாற்றமில்லை. நான்காவது ஒழுகுகிறது, இரண்டாவது மூடியும் மூடாமலும் சொட்டுகிறது என்பது அவர் கணிப்பு. சொட்டும் நாசில்தான் (இன்ஜெக்டரின் முனை) ஆயில் மட்டம் ஏறியதற்கும் டிபிஎஃப் அடைத்ததற்கும் பொருந்துகிறது. அதையே கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்வரை போகும்.

இவ்வளவுக்கும் பெரிய வண்டிக்கு அவர் வாங்கிய கட்டணம் 2,500 ரூபாய்.

டீசலிலுள்ள தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து அரைமணி அசையாமல் வைத்ததையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே தங்கும், எங்களுக்குத் தங்கவில்லை. அந்தப் பாட்டிலை மூடி, தேதி எழுதி ஒட்டி, என்னிடமே கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெஞ்ச் எப்படி வேலை செய்கிறது என்பதை என் இன்ஜெக்டர்களை வைத்துச் சொல்ல முடியாது. காத்திருந்த நேரத்தில், ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த ஒருவரின் வாரண்டி முடிந்த வண்டியின் இன்ஜெக்டர்கள் அதில் ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டீசலுக்குப் பதிலாக ஐஎஸ்ஓ 4113 தரத்துக்கான சோதனை எண்ணெயை, வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டி நிலைப்படும்வரை ஓடவிட்டு, பிறகுதான் அளக்கத் தொடங்கினார்கள். ஒழுகல் சோதனை முதலில். அதில் தேறியவற்றுக்கு முழு லோடு, நடுத்தர லோடு, ஐடில், முன்பீய்ச்சல் (முதன்மைப் பீய்ச்சலுக்கு முன் விடும் சிறு துளி) என நான்கு நிலைகளில் எவ்வளவு பீய்ச்சுகிறது, எவ்வளவு ரிட்டர்ன் போகிறது என்று அளவு எடுத்தார்கள். ஒரு இன்ஜெக்டர் முழு லோடில் சரியாக இருந்தும் முன்பீய்ச்சலில் தவறியது. ஓட்டும்போது குறை தெரியாத இன்ஜெக்டர் ஐடிலில் மட்டும் கட்டைச் சத்தம் போடுவது இதனால்தான். பெஞ்ச் முடிவு அச்சிட்ட தாளில் வருகிறது.

என் வண்டிக்கான முடிவு அப்படி வரவில்லை, இந்தக் கடைமேல் எனக்குள்ள முதல் குறை அதுதான். இரண்டு நாள் அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவர், கடைசியில் பில் புத்தகத் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி கிறுக்கி நீட்டினார். வண்டி எண் இல்லை, சேசிஸ் எண் இல்லை, எத்தனை கிலோமீட்டரில் எடுத்த அளவு என்பது இல்லை. வாரண்டிக்காக எடுக்கும் சோதனைக்குக் காகிதம்தான் பலன். அதை வலியுறுத்தி மறுபடியும் எழுத வைக்க ஒரு மணி நேரம் ஆனது. தேதி, ஓடோமீட்டர், எஞ்சின் வெப்பநிலை, ஒவ்வொரு சிலிண்டரின் திருத்த அளவு, ரிட்டர்ன் அளவு, அதற்குரிய வரம்பு ஆகியவற்றை எழுதி, ஸ்கேனர் திரையின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, முத்திரை வைத்தார். ஜிஎஸ்டி பில்லும் கேட்ட பிறகே வந்தது. இன்னொரு குறை, கொட்டகையில் இரண்டு லாரி நின்றுவிட்டால் மூன்றாவது வண்டி சர்வீஸ் ரோட்டிலேயே நிற்க வேண்டும். இரவில் அங்கே வண்டியை விடுகிறவர்கள் கிளீனரையும் விட்டுவிட்டுப் போவது நல்லது.

அந்தத் தாளோடு சர்வீஸ் நிலையத்துக்குத் திரும்பினேன். வெளிக் கடைத் தாளை ஏற்க முடியாது என்றார்கள். ஏற்க வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள் என்றேன். ஜாப் கார்டில் "இன்ஜெக்டர் மாற்றவும்" என்று எழுத வைக்காமல், "சூடான நிலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஆயில் மட்டம் உயர்வு, மைலேஜ் குறைவு, டிபிஎஃப் அடிக்கடி சுத்திகரிப்பு" என்று அறிகுறிகளை மட்டும் எழுத வைத்தேன். இதுவும் மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததுதான். அறிகுறியை எழுதினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர்களுடையது. தீர்வை எழுதினால், தேவையில்லை என்று ஒரு வரியில் மறுக்கலாம். தேதியும் கிலோமீட்டரும் அச்சான அந்த ஜாப் கார்டு, வாரண்டிக் காலத்துக்குள் புகார் பதிவாகியிருக்கிறது என்பதற்கு ஆதாரம். பழுது பார்ப்பது வாரண்டி முடிந்த பிறகு இழுத்தாலும் அந்தத் தாள் கையில் இருக்கும். ஒரே லாரியை வைத்துச் சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுகிறவர்கள் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோராகவே கருதப்படுவார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். எங்கள் விவகாரம் அவ்வளவு தூரம் போகவில்லை.

முதலில் வந்த வாதம், எதிர்பார்த்தபடி, கலப்பட டீசல். மாசுபட்ட எரிபொருளால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது, அந்த விதியில் தவறும் இல்லை. பாட்டில் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. அதோடு டீசல் பில்களையும் ஃபில்டர் மாற்றிய பில்களையும் மேசையில் வைத்தேன். புது ஃபில்டர் மாட்டும்போது அதற்குள் டீசலை நேராக ஊற்றி நிரப்புகிறீர்களா என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி அது. அப்படி ஊற்றினால் வடிகட்டாத டீசல் சுத்தப் பக்கம் வழியாக நேரே பம்புக்குப் போய்விடும். நம் ஊர் ஷெட்டுகளில் பழக்கத்தில் இன்னும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். எங்கள் வண்டிக்கு ஃபில்டர் மாற்றியது அவர்களே என்பதால் கேள்வி அவர்களிடமே திரும்பிப் போனது.

இரண்டு நாள் கழித்து ரெயிலில் ஒவ்வொரு வழியாக மூடிப் பார்த்தார்கள். நான்காவதை மூடியபோது மொத்த ரிட்டர்ன் சட்டென்று இறங்கியது. நான்காவதையும் இரண்டாவதையும் கழற்றி, இன்ஜெக்டர் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பெஞ்சுக்கு அனுப்பினார்கள். நான்காவது ஒழுகல் சோதனையிலேயே தவறியது; இரண்டாவது ஐடில் நிலையில் வரம்புக்கு மேல் பீய்ச்சியது. நாசில் முனையில் துரு இல்லை, அதனால் தண்ணீர் என்ற பேச்சு அடங்கியது. இரண்டும் வாரண்டியில் மாற்றப்பட்டன. காப்பர் வாஷர், ஆயில், ஆயில் ஃபில்டர் ஆகியவை மட்டும் என் கணக்கில் வந்தன, அதை நான் நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன். டீசல் கலந்த ஆயிலிலேயே வண்டியை மறுபடி ஓட்டியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும்.

மற்ற நான்கையும் பெஞ்சில் பார்க்கச் சொன்னதற்கு, வரம்புக்குள் இருப்பதைக் கழற்ற அனுமதி கிடையாது என்றுவிட்டார்கள். மாற்றிய இன்ஜெக்டர்களுக்கும் புதிதாக வாரண்டி தொடங்காது. வண்டியின் மீதமுள்ள வாரண்டிக் காலம்தான் அவற்றுக்கும். பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது என்பதால், புதுப் பொருளுக்குப் புது வாரண்டி என்று நினைத்துக்கொண்டு அலட்சியமாக இருப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துக்கொள்ளவும்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பம்ப் ரூமுக்கு வந்தது வீண் போகவில்லை. ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருப்பார்கள். தொழிற்சாலையில் அளந்தபோது அந்த இன்ஜெக்டர் எந்த நிலையில் எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ பீய்ச்சியது என்பதன் சுருக்கம் அது. இன்ஜெக்டரை மாற்றினால் அந்தக் குறியீட்டையும் இசிஎம்மில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய இன்ஜெக்டருக்கான கணக்கிலேயே புதியதை ஓட்டிக்கொண்டிருக்கும். மாட்டுவதற்கு முன் இரண்டு தலைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். அவருடைய ஸ்கேனரில் படித்துப் படத்தோடு ஒப்பிட்டபோது, நான்காவதற்குப் புதுக் குறியீடு இருந்தது, இரண்டாவதற்குப் பழையதே இருந்தது. தாமே பதிந்துவிட அவரால் முடியும். அதையும் செய்யாமல், திரையைப் படம் எடுத்து அனுப்பி, அங்கேயே போய்ப் பதிந்துகொள்ளச் சொன்னார். பத்து நிமிட வேலைக்காக மறுபடியும் ஒரு போக்குவரத்து. ஓட்டுநர் அண்ணன் முணுமுணுத்தார். ஆனால் வேலையில் யார் கை எங்கே பட்டது என்பது குழம்பாமல் இருப்பதன் அருமை எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. இந்த இரண்டாவது பார்வைக்குக் கடையில் காசு வாங்கவில்லை.

இந்தக் கடையை யாருக்குச் சொல்வேன் என்றால், வாரண்டி முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கும், இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைக்க முடிந்தவர்களுக்கும். கடைசி வாரத்தில் ஓடிவந்தால், இங்கே சோதனை, அங்கே ஜாப் கார்டு, மறுசோதனை, பெஞ்ச், அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் நாள் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்குத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதினேழு நாள் ஆனது, அதில் ஒன்பது நாள் வண்டி ஓடவில்லை. மாம்பழ சீசனில் மாங்கூழ் டிரம் லோடு வரிசையில் நிற்கும்போது இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. அதனால்தான் ஜனவரியைத் தேர்ந்தெடுத்தேன். வாரண்டி ஏற்கெனவே முடிந்த வண்டி என்றால் கணக்கு வேறு. இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லாமல் நேராகப் பெஞ்சுக்கே போய்விடலாம்.

இப்போது ஆயில் மட்டம் கோட்டுக்குள் நிற்கிறது, மைலேஜ் 3.8-க்கு வந்திருக்கிறது. பழைய 3.9 வரவில்லை, மற்ற நான்கின் தேய்மானம் அதில் இருக்கக்கூடும் என்று மேஸ்திரி நினைக்கிறார், டயர் தேய்ந்ததும் சேர்ந்திருக்கும் என்று அண்ணன் நினைக்கிறார். ஓடோமீட்டர் 2,94,000-ஐத் தாண்டிவிட்டது. 2,98,000 வந்ததும் ஒரு ராத்திரி வண்டியை மறுபடியும் அங்கே விட்டு, ஆறு சிலிண்டர்களின் திருத்த அளவுகளையும் புதிதாக எடுத்து ஜனவரித் தாளோடு வைத்துப் பார்க்கப் போகிறோம். இந்த முறை சேசிஸ் எண் அச்சிட்ட தாளை நானே கொண்டுபோகிறேன்.